விஷம் இருக்கட்டும்

சிப்பி காரணமில்லை என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னவள் அவள்தான்.

முந்தின நாள் முற்பகல், கடலோரக் கொட்டகையில் சிப்பி வளர்க்கும் கயிறுகளை அலசிக்கொண்டிருந்த கணவன் கால் துவண்டு விழுந்தான். கூட இருந்தவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மூச்சு நின்றிருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, முகமூடி வைத்துக் காற்றை அமுக்கி அமுக்கி மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் ஆய்வகத்திலிருந்து ஓடி வந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்டார்?"

"சிப்பி. ஆனா அது இல்ல டாக்டர். நான் சிப்பியில விஷம் இருக்கான்னு பார்க்கிற லேப்லதான் வேலை செய்றேன். அந்த வளைகுடாச் சிப்பியை நானே டெஸ்ட் பண்ணினேன். சுத்தமா இருக்கு."

டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி. தேட வேண்டிய இடம் ஒன்று குறைந்தது. தலையில் அடி, மூளையில் ரத்தக்கசிவு, இதயம் என்று மற்றதையெல்லாம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் காலையில், கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவளிடம் மெல்லிய குரலில் பேசினார்.

"கண்ணுல வெளிச்சம் அடிச்சா பாப்பா சுருங்கல. வலி கொடுத்தா அசைவு இல்ல. இருமல்கூட இல்ல. ரொம்ப நேரம் மூச்சில்லாம இருந்திருக்கார்னு நினைக்கிறோம். மத்தியானம் முழுசா ஒரு பரிசோதனை செய்வோம். அதுக்கப்புறம் குடும்பமா உட்கார்ந்து பேசலாம்மா."

குடும்பமாக உட்கார்ந்து பேசுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மூச்சு இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்று பேசுவது.

வெளியே நடைக்கூடத்தில் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவனின் அம்மா. வாய் ஓயாத மனுஷி. மகனிடம் சண்டை, மருமகளிடம் சண்டை, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரிடமும் சண்டை. நேற்றிலிருந்து பேச்சே இல்லை. கைக்குட்டையால் உதட்டை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் இயந்திரத்தில் தேநீர் பிடித்து வந்து அத்தையிடம் கொடுத்தாள். காகிதக் கோப்பையை அவளாலேயே விரல் மாற்றி மாற்றித்தான் பிடிக்க முடிந்தது. அத்தை வாங்கி, அப்படியே மடக்கென்று ஒரு வாய் குடித்தாள்.

"ஐயோ அத்தை, கொதிக்குது!"

"கொதிக்குதா? எனக்கொண்ணும் தெரியலையே."

அவள் அத்தையின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "தெரியலைன்னா?"

"நேத்துலேர்ந்து உதடு மரத்துக் கிடக்கு. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி. பயத்துல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நீங்களும் சிப்பி சாப்பிட்டீங்களா?"

"உப்பு பார்க்க ரெண்டோ மூணோ வாயில போட்டேன். மிச்சம் பூரா அவனுக்குத்தான். ரெண்டு தட்டு தின்னான்."

"ஏன் அத்தை இதைச் சொல்லல?"

"எப்படிடி சொல்லுவேன்? என் புள்ள உள்ளே கட்டை மாதிரி கிடக்கான். எனக்கு உதடு மரத்துப்போச்சுன்னு டாக்டர்கிட்ட போய் நிக்கவா? சமைச்சவளே நான்தான்!"

அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். அவளோ எழுந்து நின்றுவிட்டாள். உதடு, விரல் நுனி, பிறகு கால், பிறகு மூச்சு. அந்த வரிசையை அவள் பயிற்சி வகுப்புகளில் மற்றவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறாள்.

கடலில் ஒரு வகை நுண்பாசி சில மாதங்களில் விஷம் சுமக்கும். சிப்பி அதைத் தின்னும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. சிப்பியைத் தின்ற மனிதனுக்கு நரம்பு செத்துப்போனதுபோல் ஆகிவிடும். மாற்று மருந்து கிடையாது. ஆனால் ஓரிரு நாளில் விஷம் சிறுநீரோடு தானாகவே வெளியேறிவிடும். அதுவரை யாராவது மூச்சு விட்டுக் கொடுத்தால், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதுவரை மட்டும் மூச்சைக் கொடுக்க வேண்டும்.

பரிசோதனையில் சுத்தம் என்று வந்ததால்தான் சிப்பி எடுக்க இருந்த பல வாரத் தடை நீங்கி வளைகுடா திறந்தது. அந்தப் பரிசோதனை ஒரு சிறிய பட்டை. கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே இருக்கும். சிப்பிச் சாற்றைச் சொட்டு விட்டால், விஷம் இருந்தால் இரண்டாவது கோடு மறைந்துவிடும். இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தால் சுத்தம். அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டியபோது கணவன் துள்ளிக் குதித்தான்.

"ரெட்டைக் கோடு! மேடம், சிப்பிக்கு விசேஷமா? எத்தனை மாசம்?"

"சீ, அத்தை காதுல விழப்போகுது."

"விழட்டுமே. வீட்டுல யாருக்காவது விசேஷம் வந்தா சரின்னு அவங்களே காத்துக்கிட்டிருக்காங்க."

மறுநாளே முதல் கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் மட்டும் தொடவில்லை. நாள் முழுக்கச் சிப்பியை அரைத்து வடிகட்டுபவளுக்கு அந்த வாடையே ஆகாது.

இப்போது அவள் டாக்டரின் அறைக்கு ஓடினாள். "டாக்டர், சிப்பிதான். நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்."

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். "இல்லவே இல்லன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. அதுவும் உங்க வேலையே அதுன்னு."

"எங்க அத்தைக்கு உதடு மரத்திருக்கு. சுடச்சுட டீயைக் குடிச்சுட்டு சூடே தெரியலைங்கறாங்க."

"கவலையிலயும் உதடு மரக்கும்மா." அந்தக் கனிவான குரல்தான் அவளை நடுங்க வைத்தது. நம்பிக்கை போன குடும்பங்களிடம் பேசும் குரல். "அவங்களை உடனே பார்க்கச் சொல்றேன். உங்க கணவரோட சிறுநீரையும் தர்றேன், எடுத்துட்டுப் போங்க. அவர் உடம்புல விஷம் இருக்குன்னு காட்டுங்க. பரிசோதனையைச் சாயங்காலம் வரைக்கும் தள்ளி வைக்கிறேன். அதுக்கு மேல வெறும் நம்பிக்கைக்காக என்னால தள்ள முடியாது."

நர்ஸ், கட்டிலடியில் தொங்கிய பையிலிருந்து ஒரு சிறு குப்பியில் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

ஆய்வகத்தில் அவளைக் கண்டதும் தலைமை ஆய்வாளர் பதறிப்போனார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். "ஏம்மா, நீ ஏன் இங்க வந்தே? போய் அவர் பக்கத்துல இரு."

"பக்கத்துல இருந்தா செத்துப்போயிடுவார் சார்."

குளிர்பெட்டியைத் திறந்தாள். சோதித்த சிப்பியில் கொஞ்சத்தை உறைய வைத்துப் பத்திரப்படுத்துவது ஆய்வக வழக்கம். வளைகுடாச் சிப்பி, அவளே அரைத்தது, ஒரு டப்பாவில் பழுப்புக் கூழாக இருந்தது. முதலில் பட்டையை எடுத்தாள். ஒன்றில் சிப்பிச் சாறு, இன்னொன்றில் கணவனின் சிறுநீர். அருகருகே வைத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்துவிடு, மறைந்துவிடு என்று முணுமுணுத்தாள்.

இரண்டு பட்டையிலும் இரண்டு கோடு. பளிச்சென்று.

தலைமை ஆய்வாளர் அவள் தோள் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்பத் திரும்பப் பார்த்தாச்சேம்மா அன்னைக்கே. ஒவ்வொரு தடவையும் சுத்தம்."

"தெரியாதவன்கிட்ட நூறு தடவை கேட்டாலும் தெரியாதுன்னுதான் சார் சொல்லுவான்."

அதைச் சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. பட்டைக்குத் தெரியாத விஷம்.

இந்த விஷம் ஒரே ஆள் இல்லை, ஒரு குடும்பம். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று ஏகப்பட்ட பேர். பட்டையில் பூசியிருக்கும் பொருள், மூத்தவனின் முகத்தைப் பார்த்துப் பழகியது. அவன் ஜாடையில் இருப்பவர்களையெல்லாம் பிடித்துவிடும். ஒரே ஒரு தம்பி மட்டும், அண்ணனளவு கொடியவன், ஆனால் ஜாடை கொஞ்சம் மாறியவன், அதன் கண்ணெதிரே நடந்து போனாலும் விட்டுவிடும். பட்டை வாங்கலாம் என்று முடிவான கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. நம் கடலில் அந்த வகை தலைகாட்டியதே இல்லை, எலிகளுக்கு ஊசி போட்டுச் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் பழைய முறையும் வேண்டாம், பெரிய இயந்திரத்துக்கு நேரம் பிடிக்கிறது, பட்டையில் மாட்டினால் மட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவோம் என்று தீர்மானித்தார்கள். அப்படிப் பேசி எல்லாரையும் சம்மதிக்க வைத்தவள் அவள்.

"சார், இயந்திரத்தைப் போடணும்."

அந்த இயந்திரத்துக்கு ஆய்வகத்தில் மாமியார் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் குற்றம் சொல்லும்; சாறு துளி கலங்கலாக இருந்தால் போதும், அடைத்துக்கொண்டு அலறும். அதனால் அவசரப்பட வழியில்லை. அவள் கூழில் அமிலம் ஊற்றிக் கொதிக்க வைத்தாள், சுழலவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்தாள், வடிகட்டிக் குழலில் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். தலைமை ஆய்வாளர் ஆய்வக அங்கியை மாட்டிக்கொண்டு வந்து, சிறுநீர்க் குப்பியை எடுத்து அதே வேலையைத் தொடங்கினார்.

இந்த விஷங்கள் தாமாக ஒளிராது. ஒரு மருந்தைக் கலந்தால்தான் விளக்கின் கீழ் மின்னும். மூத்தவன் பெராக்சைடுக்கு மின்னுவான். அந்தத் தம்பி பெராக்சைடுக்கு மசியமாட்டான். பெர்அயோடேட் என்ற இன்னொரு மருந்துக்குத்தான் முகம் காட்டுவான். அவள் இரண்டையும் கலந்து வைத்தாள்.

முதலில் பெராக்சைடு கலந்த சிப்பிச் சாறு போனது. திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. எங்கும் மேடில்லை. பட்டை சொன்னதையேதான் மாமியாரும் சொன்னாள்.

அடுத்தது பெர்அயோடேட். அவள் திரையின் முன்னால் நின்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, விஷம் இருக்கக்கூடாது என்றுதான் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறாள். விஷம் வந்தால் வளைகுடா மூடும், கணவன் முகம் தொங்கும், வீட்டில் அத்தை பாத்திரத்தை உருட்டுவாள். இன்று அவள் கும்பிடாத குறையாக நின்று, இருக்கட்டும், விஷம் இருக்கட்டும், நிறைய இருக்கட்டும் என்று கெஞ்சினாள். இல்லையென்றால் அவன் இல்லை.

காத்திருக்கும்போதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்து அவளைக் குத்தியது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"சார், இந்த விஷம் நரம்பைத்தானே கட்டும். புத்தியைத் தொடாது இல்லையா?"

"தொடாது," என்றார் அவர். விஷம் என்றால், அவன் மயக்கத்தில் இல்லை. நேற்றிலிருந்து விழித்துக்கொண்டு கிடக்கிறான். இமையைக்கூட அசைக்க முடியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. டாக்டர் கால்மாட்டில் நின்று சொன்னதைக் கேட்டிருக்கிறான். அம்மா தலையிலடித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறான். வெளிநாட்டிலிருக்கும் அவன் அண்ணனுக்கு அவள் அந்தக் கட்டில் ஓரத்தில் நின்றுதான் ஃபோன் செய்தாள். "கடைசியா ஒரு தடவை வந்து முகத்தைப் பார்த்துட்டுப் போயிடுங்க மச்சான்" என்றாள். அதையும் கேட்டிருக்கிறான்.

கைபேசியை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், ஃபோனை அவர் காதுல வைங்க."

"அவருக்குக் கேட்காதும்மா."

"கேட்குது. கெஞ்சிக் கேட்டுக்கறேன் சிஸ்டர், வைங்க."

சிறிது நேரம் சரசரப்பு. பிறகு மூச்சு இயந்திரத்தின் சத்தம் அருகில் வந்தது. வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தைக்கூட அவளை முடிக்கவிடாமல் குறுக்கே பேசுகிறவன், இப்போது இவ்வளவு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க. லேப்ல இருக்கேன். சிப்பியில விஷம்னு நினைக்கிறேன். அதனாலதான் உங்களால அசைய முடியல. செத்துப்போகல நீங்க. கேட்குதா, நீங்க சாகல. விஷம் தானா இறங்கிடும். அதுவரைக்கும் மெஷின் மூச்சு விடும், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா கிடங்க. யார் என்ன பேசினாலும் காதுல போட்டுக்காதீங்க. நான் பேசினதையும்." ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள். "வந்துடறேன்."

ஃபோனை வைத்தபோது திரையில் கோடு எழும்பிக்கொண்டிருந்தது. செங்குத்தாக ஏறி, கூர்முனை வைத்து, இறங்கியது. உறைபெட்டியில் வைத்திருந்த, அந்தத் தம்பி விஷத்தின் தூய மாதிரியை ஓட்டினால் எந்த இடத்தில் எழும்புமோ அதே இடம். அடுத்து ஓடிய சிறுநீரிலும் அதே மேடு, இன்னும் உயரமாக.

அவள் தாளை அச்சடித்துக் கிழித்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

"நில்லும்மா," என்றார் தலைமை ஆய்வாளர். "மருந்து கலக்காத சாற்றை ஓட்டிப் பார்க்கல."

"சார்!"

"சிப்பியில தானா மின்னுற குப்பை இருக்கும். சிறுநீர்லயும் இருக்கும். மருந்து கலக்காமலும் அதே மேடு வந்தா, இது விஷம் இல்ல. நீதானேம்மா எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தே?"

"அங்க என் புருஷன் கிடக்கார் சார்!"

"அதனாலதான் சொல்றேன். நேத்தும் அவசரமா ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தே. இன்னைக்கும் போய் ஒண்ணைச் சொல்லி, அது நாளைக்கு மாறினா, அந்த டாக்டர் மூணாவது தடவை உன்னை நம்ப மாட்டார்."

அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. திரும்பி வந்து, மருந்து கலக்காத இரண்டு குப்பிகளையும் தட்டில் வைத்தாள். சாளரத்தில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கோடு ஊர்ந்தது. மேடு வர வேண்டிய இடத்தை நெருங்கியபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வரலை," என்றார் அவர். மீண்டும் கொஞ்ச நேரம் கழித்து, "இதிலும் வரலைம்மா. ஓடு. வளைகுடாவை மூடச் சொல்லி நான் பேசறேன். கூடை வாங்கின வீடு ஒவ்வொண்ணுக்கும் ஆள் அனுப்பணும்." அவர் கை அதற்குள் தொலைபேசியில் இருந்தது.

டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். எந்தக் கோடு எது என்று கேட்டார். அவள் மூச்சு வாங்க விளக்கினாள். அவர் எழுந்து நர்ஸ்கள் மேசைக்குப் போய், மாலைப் பரிசோதனை வேண்டாம் என்றார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"நல்லவேளைன்னு முழுசா சொல்ல மாட்டேன். கொட்டகையில மூச்சில்லாம கிடந்தாரே, அதுல மூளைக்கு என்ன ஆச்சுன்னு விஷம் இறங்கினாத்தான் தெரியும். காத்திருக்கணும்."

"காத்திருக்கேன். நிறுத்தாம இருந்தா போதும்."

டாக்டர் உள்ளே வந்தார். இந்த முறை கால்மாட்டில் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார். "நான் உங்க டாக்டர். உங்களுக்குக் கேட்கும்னு உங்க மனைவி சொல்றாங்க. காலையில உங்க முன்னாடி நிறையப் பேசிட்டேன். அதெல்லாம் ரத்து."

அதன் பிறகு அந்த அறைக்குள் வந்த எல்லாரும் அவனோடு பேசத் தொடங்கினார்கள். "அண்ணே, ஊசி போடப்போறேன், கொஞ்சம் வலிக்கும்" என்றாள் நர்ஸ். தரை துடைக்க வந்த அம்மா, "கொஞ்சம் இருப்பா, கட்டிலடியில துடைச்சுட்டுப் போயிடறேன்" என்றாள். அத்தையை இரண்டு கட்டில் தள்ளிக் கண்காணிப்பில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு கையில் ஊசிக்குழாயோடு, நர்ஸ் தடுக்கத் தடுக்க இறங்கி வந்து மகன் பக்கத்தில் நின்றாள்.

"ஏண்டா சின்னவனே, ஒரு தட்டு போதும், போதும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? வயித்துக்கா தின்ன, வாய்க்கா தின்ன? எழுந்திரு, உனக்கு இருக்கு."

"அத்தை, திட்டாதீங்க, பாவம்."

"கேட்குதுன்னியே. கேட்கட்டும். நான் அழுதா அவன் பயந்துடுவான்டி. திட்டினாத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு நினைப்பான்."

சொல்லிவிட்டு அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கனமாக, யாருடைய கையோ போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததுபோல் அவன் காதில் சொன்னாள். பட்டையைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் தான் பேசியதைச் சொன்னாள். சுத்தம் என்று டாக்டரிடம் தானே சொன்னதால்தான் ஒரு முழு நாள் யாரும் விஷத்தைத் தேடவில்லை என்றும் சொன்னாள். "கோவம் வரும். வரட்டும். எழுந்து வந்து கோச்சுக்கோங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்."

மார்பு ஏறியது, இறங்கியது. ஏற்றியதும் இறக்கியதும் இயந்திரம்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதுபோல இருந்துவிட்டால்? விஷமெல்லாம் இறங்கிய பிறகும் இந்தக் கை இப்படியே இருந்துவிட்டால்? அதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வகத்திலும் எந்த மருந்தும் அவளுக்குத் தெரியாது.

நர்ஸ் இயந்திரத்தின் திரையருகே வந்து நின்றாள். போகப் போனவள் திரும்பவும் வந்து குனிந்து பார்த்தாள்.

"என்ன சிஸ்டர்?"

"இங்க பாருங்க. மெஷின் விட்ட மூச்செல்லாம் ஒரே சீரா இருக்கு. இது மட்டும் நடுவுல, சின்னதா. இது மெஷின் விட்டதில்ல. அண்ணனே இழுத்தது."

"என்ன சொல்றா அவ?" என்றாள் அத்தை.

"உங்க புள்ள சொந்தமா ஒரு மூச்சு இழுத்திருக்கார் அத்தை."

"ஒண்ணுதானா?"

"இப்போதைக்கு ஒண்ணு."

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு, ஊசிக்குழாய் தொங்கிய கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸும் போகவில்லை. மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி, அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள்.